சீட்டுக்காரம்மா எழுதிய உயில்

எதிர்வரிசை டயர்க் கடைக்காரர் ஒரு நாள் காலையில் கல்லாவில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த மாதமே அவருடைய இரண்டு மகன்களும் கடைக்கு முன்னால் நின்று காற்றடிக்கும் மிஷினுக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். மூத்தவன் குழாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான், இளையவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். மத்தியானம் முழுவதும் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். போகிற வருகிறவர்கள் குழாயைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். மனிதர் ஒரு தாளில் நாலு வரி எழுதி வைத்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா என்று தெருவே பேசியது.

அதைத் தன் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சீட்டுக்காரம்மா, கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, உயில் எழுதியே தீர்வது என்று முடிவு செய்தாள்.

சீட்டுக்காரம்மா என்றதும் புதிதாகக் கேட்பவர்கள் சீட்டுப் பிடிக்கிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் தைப்பது கார் சீட்டுக்கு உறை. ரெக்சினை அளந்து வெட்டி, உள்ளே ஃபோம் வைத்து, ஓரத்துக்குக் கயிறு கோத்துத் தைத்து, சீட்டின் மேல் மடிப்பு விழாமல் இழுத்து மாட்டிவிடுவாள். முப்பத்தைந்து வருடமாக இந்த வேலைதான். ரெக்சினை இழுத்து இழுத்து அவளுடைய இரண்டு கட்டைவிரலும் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டன.

கடை அவள் புருஷன் ஆரம்பித்தது. அவருக்கு அவள் இரண்டாம் தாரம். கல்யாணமாகி வரும்போது மூத்த தாரத்தின் மகனுக்கு ஏழு வயது. "இவங்களைச் சித்தின்னு கூப்பிடு" என்று உறவுக்காரர் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். அன்று முதல் அவன் அப்படித்தான் கூப்பிட்டான். ஒரு நாள்கூட வாய் தவறி அம்மா என்றதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். வீட்டில் பையனைப் பெரியவன் என்றும் பெண்ணைச் சின்னவள் என்றும் சொல்லிச் சொல்லி, அதுவே நிலைத்துவிட்டது. வீட்டையும் கடையையும் புருஷன் அவள் பெயரிலேயே வாங்கியிருந்தார். அவர் இறந்த பிறகு, பழைய கட்டிங் மாஸ்டரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவளே கடையை நடத்தி வந்தாள்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. அவளுக்குச் சின்னவளின் வயதுதான் இருக்கும். கேள்விகளைச் சுருக்கமாகக் கேட்டாள்.

"வீடு யாருக்கும்மா?"

"மகளுக்கு."

"கடை?"

"அதுவும் மகளுக்குத்தான். தையல் மிஷின் ரெண்டு மட்டும் மாஸ்டருக்கு. என் காலத்துக்கு அப்புறம் அவர் வெறுங்கையோட போகக்கூடாது."

"சரி. எக்ஸிகியூட்டர் யாரு?"

சீட்டுக்காரம்மா விழித்தாள்.

"நீங்க போன பிறகு நீங்க எழுதுனபடி எல்லாத்தையும் செஞ்சு முடிக்கிற ஆளு. ஆபீஸ் ஆபீஸா அலையணும். கடன் இருந்தா அடைக்கணும். யாருக்கு எதுன்னு எழுதியிருக்கோ அதை அவங்ககிட்ட ஒப்படைக்கணும். யார் கத்துனாலும் அசையக்கூடாது, நடுவுல கையும் வைக்கக்கூடாது. அப்படி ஒருத்தர் பேர் சொல்லுங்க."

கேள்வி முடிந்ததோ இல்லையோ, பெரியவனின் பெயர் அவள் வாயிலிருந்து வந்து விழுந்துவிட்டது. யோசிக்கவே இல்லை.

வக்கீலம்மா எழுதிக்கொண்டே, "உங்களுக்கு என்ன உறவு?" என்றாள்.

"வீட்டுக்காரரோட மூத்த தாரத்து மகன்."

பேனா நின்றது. "அவருக்கு உயில்ல என்ன எழுதணும்?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சீட்டுக்காரம்மா அதைப் பார்த்தாள், பிறகு மேஜையைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். தன் குரல் தனக்கே கேட்காத மாதிரி இருந்தது.

"சட்டப்படி தப்பில்லம்மா. மகளையேகூட எக்ஸிகியூட்டரா போடலாம், தடை கிடையாது."

அது நடக்கிற காரியமாக அவளுக்குப் படவில்லை. சின்னவள் நல்லவள்தான். ஆனால் முத்திரை குத்திய தாளைக் கண்டாலே படித்துப் பார்க்காமல் புருஷனிடம் நீட்டிவிடுவாள். மருமகன் கெட்டவன் இல்லை. எந்தப் பொருளைப் பார்த்தாலும் விற்றால் என்ன வரும் என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றும். மாஸ்டருக்கு என்று எழுதிய மிஷின் அவன் கண்ணில் பட்டால் ஒரு வாரம் தாங்காது.

"பெரியவனே இருக்கட்டும்" என்றாள்.

"அப்ப அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. முடியாதுன்னு சொல்ல அவருக்கு உரிமை உண்டு. உள்ளதையும் சொல்லிடுங்க" என்று வக்கீலம்மா ஃபைலை மூடினாள். 'உள்ளதையும்' என்ற அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு சீட்டுக்காரம்மா படி இறங்கினாள்.

பெரியவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரின் மறுகோடியில் மனைவி மக்களோடு இருந்தான். மாதத்துக்கு ஒரு முறை வருவான், பழம் வாங்கி வருவான், வீட்டில் ஒழுகுகிற குழாய் எதுவும் இருந்தால் சரி செய்துவிட்டுப் போவான். உறவு ஒட்டியும் ஒட்டாமலும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசினால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவன் கம்பெனிக்குப் போன் செய்து, அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் வேலை என்று விசாரித்துக்கொண்டு நேரே போய்விட்டாள்.

கீழே லிஃப்ட் கதவில் 'பழுது' என்று மஞ்சள் பலகை தொங்கியது. அவன் நாலாவது மாடியில் இருப்பதாகக் காவலாளி சொன்னார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். அவன் லிஃப்ட் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, அதன் உருளைகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பதறி எழுந்தான்.

"சித்தி? என்ன, உடம்புக்கு ஏதாவது..."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குது, அவ்வளவுதான்."

"நாலு மாடி ஏறுனா வாங்காம என்ன செய்யும்? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

"லிஃப்டையும் பிரிச்சுப் போட்டுட்டு என்னையும் திட்டுறியே."

அவன் சிரித்துவிட்டான். படியில் ஒரு துணியை விரித்து உட்காரச் சொன்னான், தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். அவள் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். உயில் எழுதப் போவதையும், எக்ஸிகியூட்டர் என்று ஒருவர் வேண்டும் என்பதையும், அதற்கு அவன் பெயரைச் சொல்லியிருப்பதையும்.

"என்ன வேலை அது?"

வக்கீலம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்.

"ரொம்ப நாள் இழுக்குமா?"

"ஒரு வருஷம்கூட ஆகலாமாம்."

"லீவு போட்டுப் பார்த்துக்கலாம்" என்று அவன் மறுபடி உருளையைக் கையில் எடுத்தான்.

எனக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று அவன் கேட்பான், கேட்டால் இப்படிச் சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போதே ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாள். உனக்கு நிரந்தர வேலை இருக்கிறது, அவளுக்கு என்ன இருக்கிறது என்று ஆரம்பிக்கிற பதில். அவன் கேட்கவே இல்லை. கடைசியில் அவளே சொன்னாள்.

"உனக்கு அதுல ஒண்ணும் எழுதலப்பா."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான் சித்தி. வீடு உங்க பேர்ல இருக்கு. உங்க இஷ்டம்."

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவனுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் போல அவளுக்கு ஒரு தவிப்பு. கொடுப்பதற்குக் கையில் புகழ்ச்சியைத் தவிர ஒன்றும் இல்லை.

"உன்னை நம்புற அளவுக்கு வேற யாரையும் என்னால நம்ப முடியல. அதான் உன்கிட்ட வந்தேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஒண்ணு கேக்கட்டுமா சித்தி?"

"கேளு."

"சின்ன வயசுல நான் கடையில தூங்குவேன்ல. அப்ப ஏன் ஷட்டரை வெளியில பூட்டிட்டுப் போவீங்க?"

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்த இடம் எது என்று தெரிவதற்குள்ளேயே வாய் முந்திக்கொண்டது. "திருட்டு பயம்தான். உன் பாதுகாப்புக்கு."

"உள்ள தாழ்ப்பாள் இருந்துச்சே."

குரலை உயர்த்தவில்லை. எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று கேட்பது போலத்தான் கேட்டான். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள்.

"அப்ப நம்பல, இப்ப நம்புறீங்க. நடுவுல நான் ஒண்ணும் மாறல சித்தி. அதே ஆள்தான்."

கீழே யாரோ லிஃப்ட் எப்போது வேலை செய்யும் என்று சத்தம் போட்டுக் கேட்டார்கள். அரை மணி நேரம் என்று அவன் பதில் கொடுத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "என் பேரை எழுதிக்கோங்க, செஞ்சு தர்றேன். ஆனா மாஸ்டருக்கு மிஷினை மட்டும் கொடுத்தா எங்க வச்சுத் தைப்பார்? தெருவுலயா? அவர் இருக்கிற வரைக்கும் கடையில ஒரு மூலையையும் சேர்த்து எழுதுங்க" என்றான். அவள் முழங்கையைப் பிடித்து நாலு மாடியும் இறக்கிவிட்டு, ஆட்டோ பிடித்து ஏற்றி அனுப்பினான்.

ஆட்டோவில் அவளுக்கு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. வீட்டில் அறை இரண்டுதான். சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவளுக்குத் தனி அறை வேண்டும் என்று, பதினைந்து வயதுப் பையனைக் கடையில் படுக்கச் சொன்னது அவள்தான். ஃபோம் அடுக்கின் மேல் படுத்தால் மெத்தையைவிடச் சுகம் என்று அவனும் சிரித்துக்கொண்டேதான் போனான். கொஞ்ச நாளில் ஒரு ரெக்சின் ரோல் கணக்கில் குறைந்தது. யார் எடுத்திருப்பார்கள் என்று யோசித்தவள், அன்று முதல் ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோனாள். எதற்குப் பூட்டு என்று புருஷன் ஒரு முறை கேட்டார். சரக்கு காணாமல் போகிறதே என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. புரிந்தும் மனிதர் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து சரக்கு அனுப்புகிறவரே வந்து, அந்தத் தடவை ஒரு ரோல் குறைவாக ஏற்றிவிட்டோம் என்று கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

அன்றைக்காவது பூட்டை விட்டிருக்கலாம். திடீரென்று பூட்டாமல் விட்டால், இத்தனை நாள் ஏன் பூட்டினீர்கள் என்று அவன் கேட்டுவிடுவானே என்று பயந்தாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, அவன் வேலை கற்றுக்கொள்ளப் போய் வேறிடத்தில் தங்கும் வரை, மூன்று வருடமும் பூட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று அப்போது தோன்றவே இல்லை. ஃபோம், பசை, ரெக்சின். எல்லாமே ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்கிற சாமான். அவன் மறந்திருப்பான் என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். சரியாகச் சொன்னால், மறந்துபோனது அவளுக்குத்தான்.

மறுநாள் கடையில் கை ஓடவில்லை. ஒரு வேனுக்கு உறை வெட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் துண்டுகளை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"என்னம்மா, ரெண்டும் இடது பக்கமாவே வெட்டியிருக்கீங்க?"

முப்பத்தைந்து வருடத்தில் அவள் செய்யாத தப்பு. வீணான துண்டை மடித்து வைத்துவிட்டு, மகளை வரச் சொல்லிப் போன் செய்தாள்.

சின்னவள் சாயங்காலம் வந்தாள். அம்மா சமையலறையில் வெறுமனே நின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததுமே ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டாள்.

"வீட்டைப் பாதி அண்ணனுக்கு எழுதலாம்னு இருக்கேன்" என்றாள் சீட்டுக்காரம்மா.

"பாதியா?"

"பாதி."

சின்னவள் தொட்டிப் பக்கம் திரும்பினாள். குழாயைத் திறந்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த டம்ளரைக் கழுவினாள். அவள் முகம் சுண்டிப்போனதை அம்மா பார்த்தாள். முழுவதும் உனக்குத்தான் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்த்த பெண். இவளிடமிருந்து இப்போது பிடுங்குகிறோமே என்று அதற்கும் ஒரு குத்தல்.

"எழுது" என்றாள் மகள் கடைசியில். "எங்க வீட்டுக்காரர் முணுமுணுப்பார், நான் பார்த்துக்கிறேன். என் ரூமுக்காகத்தானே அண்ணன் கடைக்குப் படுக்கப் போனான். நீ வெளியில பூட்டுறதை நான் பார்த்திருக்கேன். அப்ப ஏன்னு கேக்கத் தோணல. பெரியவளான பிறகு தோணுச்சு. அப்பவும் கேக்கல."

சீட்டுக்காரம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள். புருஷன் போன பிறகு இது தனக்கும் பெரியவனுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி என்று நினைத்திருந்தாளே.

"அது சரி, எழுதுனபடி செய்றதுக்கு ஒரு ஆள் போடணுமே, யாரைப் போட்டிருக்க?"

"அண்ணனைத்தான்."

"என்னை ஏன் கேக்கல?"

"உனக்கு எதுக்கு அந்த அலைச்சல் எல்லாம்னு..."

"அலைச்சலுக்காகவா? பேப்பரை அவர்கிட்ட நீட்டிடுவேன்னு நினைச்ச."

அம்மா சமையல் மேடையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"நீட்டியிருப்பேன்தான்" என்றாள் சின்னவள். "ஆனா நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். பாதி வீடு போறது பெருசா தெரியல. நீ என்னைக் கேக்கவே இல்லைங்கிறதுதான் உறுத்துது."

ஒருவன் முகத்தில் விழிக்கக் கூசி ஓடி வந்தால், இங்கே இன்னொருத்தி நிற்கிறாள். பெற்ற பிள்ளையை நம்பாததும் தப்பு, பெறாத பிள்ளையை நம்பாததும் தப்பு. இரண்டையும் ஒரே ஆள் செய்திருக்கிறாளே என்று சீட்டுக்காரம்மா தன்னையே நொந்துகொண்டாள்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதலில் எழுதியிருந்ததை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். "ரெண்டு பேரையும் சேர்த்தே எக்ஸிகியூட்டரா போடலாம்மா. ஆனா யோசிச்சுக்கோங்க. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலைன்னா வேலை அப்படியே நின்னுடும்."

"நிக்காது" என்றாள் சீட்டுக்காரம்மா. அவ்வளவு உறுதி அவளுக்கே இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

பெரியவனுக்குப் போனில் விவரம் சொன்னாள். "இதுக்காக நான் கேக்கல சித்தி" என்றான் அவன்.

"தெரியும்ப்பா."

"எழுதுறதுன்னா எழுதுங்க, வேண்டாம்னு சொல்லல. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. ஆனா அந்தப் பூட்டுக்கு இது கணக்கு இல்ல. அது வேற."

"வேறதான்" என்றாள்.

கையெழுத்துப் போடுகிற நாளில் மூவரும் வந்தார்கள். உயிலில் பங்கு இருக்கிறவர்கள் சாட்சி போடக்கூடாது என்று வக்கீலம்மா பிள்ளைகள் இருவரையும் வெளியே உட்கார வைத்தாள். ஜெராக்ஸ் கடைக்காரரும் பக்கத்து அலுவலகத்து டைப்பிஸ்ட்டும் சாட்சிக்கு வந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் வக்கீலம்மா வாய்விட்டுப் படித்தாள். வீடு இருவருக்கும் சரிபாதி. கடை மகளுக்கு. மாஸ்டருக்கு இரண்டு மிஷினும், அவர் இருக்கும் வரை கடையின் ஜன்னலோர மூலையும். 'என் மகன்' என்று ஒரு வரி வந்தது. அந்த இடத்தில் சீட்டுக்காரம்மா நிறுத்தச் சொன்னாள்.

"அப்படி எழுதலாமா?"

"எப்படி எழுதட்டும்?"

யோசித்துப் பார்த்தாள். அப்படி அழைக்கத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்க நினைத்தாள். சாட்சிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். "இருக்கட்டும்" என்று சொல்லி, வளைந்த கட்டைவிரலால் பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டும் என்று சின்னவள் கிளம்பினாள். போகும்போது அண்ணனிடம், "எந்த ஆபீஸுக்குப் போறதா இருந்தாலும் என்னை விட்டுட்டுப் போயிடாத, நானும் வருவேன்" என்றாள். "இப்பவே போறதுக்கு அவசரமா?" என்று அவன் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள்.

கீழே டீக்கடை பெஞ்சில் சீட்டுக்காரம்மாவும் பெரியவனும் உட்கார்ந்தார்கள். உயில் இருந்த கவர் அவன் மடியில் இருந்தது. டீ வந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாலு நாளாக நெஞ்சில் உருட்டிக்கொண்டிருந்ததை அவள் கேட்டாள்.

"பூட்டிட்டுப் போன பிறகு உள்ள என்ன பண்ணுவ?"

அவன் தெருவைப் பார்த்தான். சொல்ல மாட்டான் என்றுதான் நினைத்தாள்.

"முதல் ரெண்டு மூணு நாள் ஷட்டர்கிட்டயே உக்காந்திருப்பேன். வண்டி போற சத்தம் கேக்கும். அப்புறம் பழகிடுச்சு. ஒரு தடவை வயிறு சரியில்லாம போயிடுச்சு. பசை டப்பாலதான்... காலையில நீங்க வர்றதுக்குள்ள அதை எங்க ஒளிக்கிறதுன்னுதான் கவலை. மழைத் தண்ணி உள்ள வந்த அன்னைக்கு ரோலை எல்லாம் மேல தூக்கி வச்சேன். நீங்க வந்து பார்த்துட்டு, சரக்கு நனையலன்னு சந்தோஷப்பட்டீங்க."

அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. சரக்கு நனையாதது ஞாபகம் இருந்தது. பையன் நனைந்திருந்தானா இல்லையா என்று எவ்வளவு முயன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"ரோலை நீ எடுக்கலன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள். "ரெண்டு மாசத்துலயே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் பூட்டினேன்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். இது அவனுக்குத் தெரியாத சங்கதி. முகத்தில் என்னவோ ஏறி இறங்கியது. கோபமா, வேறு எதுவா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் செஞ்சது தப்புதான்" என்றாள்.

பரவாயில்லை என்று அவன் சொல்வான் என உள்ளுக்குள் ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறாள் போல. அவன் அப்படிச் சொல்லவில்லை.

"ஆமா" என்றான்.

அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அவன் அதைப் பார்த்துவிட்டு, அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தான். கடைக்காரரிடம் சூடாக இன்னொன்று போடச் சொன்னான், சர்க்கரை கம்மியாக.